பூண்டுப் பாத்தியில் என்ன கோளாறு? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் இருக்கிற ஒரு துண்டு நிலத்தில் பூண்டு நடுகிறேன். யாழ்ப்பாணத்தில் உள்ளி என்பார்கள், எங்களுக்கு அது வெள்ளைப்பூடு. 2022இல் சாமான் விலையெல்லாம் ஏறி, வீட்டுக்கு வீடு எதையாவது நட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நானும் தொடங்கினேன். முதல் வருடம் 60 பல் நட்டேன். 11 முளைத்தது. அதில் ஒன்றுகூடப் பூண்டாகவில்லை, வெங்காயத் தாள் மாதிரி இலை மட்டும்தான். அன்றிலிருந்து என் பாத்தியிலும் அக்கம்பக்கத்துப் பாத்திகளிலும் அதே ஏழெட்டுக் கோளாறுகளைத்தான் மாறி மாறிப் பார்க்கிறேன்.

யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, பூண்டு மஞ்சளாப் போகுது, என்ன மருந்து அடிக்கலாம்?” என் பதிலும் ஒன்றுதான்: “ஒன்னைப் பிடுங்கிட்டு வாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.” ஒரு செடி போகிறதே என்று மனசு வராது. ஆனால் பூண்டின் கோளாறில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இலை அதைத் தாமதமாகச் சொல்லும், சில நேரம் தப்பாகவும் சொல்லும்.

கையில் வேண்டியது: ஒரு கூரான கத்தி, ஒரு வெள்ளைக் கடதாசி, ஒரு வாளித் தண்ணீர். பிடுங்கும்போது தாளைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கத்தில் முள்ளை (மண் கிளறும் முட்கரண்டியை) இறக்கி மண்ணைத் தளர்த்தி, வேரோடு தூக்கி, வாளியில் அலசிப் பாருங்கள்.

## நட்டு மூன்று வாரமாகியும் முளைக்கவில்லை

சாதாரணமாக 7 முதல் 15 நாளில் பச்சை தெரியும். குளிர் கடுமையாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் கூடலாம். அதற்கு மேல் போனால் விரலால் மண்ணை விலக்கி ஒரு பல்லை வெளியே எடுங்கள்.

பல்லே இல்லை. கோழி. வேறு யாரையும் சந்தேகப்படுவதற்கு முன் கோழியைப் பாருங்கள். அது பூண்டைத் தின்பதில்லை, புழுவுக்காகக் கிளறும்போது பல் வெளியே வந்துவிடுகிறது. பாத்தியின் மேல் சவுக்குக் கிளைகளைப் பரப்பி வையுங்கள். முளை ஒரு விரல் உயரம் வந்ததும் எடுத்துவிடலாம்.

பல் இருக்கிறது, முளை வளைந்து கீழே போயிருக்கிறது. தலைகீழாக நட்டிருக்கிறீர்கள். கூர் முனை மேலே, தட்டையான அடி கீழே. திருப்பி வைத்தால் போதும், பிழைத்துக்கொள்ளும். ஆழம் இரண்டு விரல்கடை, அதாவது 3 முதல் 5 சென்ரிமீற்றர்.

பல் கொழகொழவென்று இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது. தண்ணீர் நிற்கிறது. இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். பாத்தியில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் இன்னொரு தரம் நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் நாலு மணி நேரம் கழித்தும் நின்றால் அந்த இடத்தில் பூண்டு வேண்டாம். வேறு இடம் இல்லையென்றால் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, மேல் பக்கத்தில் ஒரு கான் (வடிகால்) வெட்டி, வழிந்து வரும் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். சரிவில் பாத்தி போடுகிறவர்கள் கீழ்ப்பக்கம்தான் கான் வெட்டுகிறார்கள், தண்ணீர் மேலேயிருந்து வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு வருடம் வெட்டினேன்.

பல் கெட்டியாக இருக்கிறது, வேரும் இல்லை, முளையும் இல்லை. கத்தியால் நெடுக்கே இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் குருத்தைப் பாருங்கள். இங்கே மூன்று விதம்.

குருத்து பச்சையாக அல்லது இளமஞ்சளாக, பல்லின் பாதி நீளத்துக்கு மேல் வந்திருந்தால் பொறுத்திருங்கள், வரும். குருத்து வெளிறி, மிகச் சின்னதாக இருந்தால் பல் இன்னும் தூங்குகிறது. மீதி இருக்கும் முழுப் பூண்டை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு நடுங்கள், விவரம் கீழே வரும். குருத்து பழுப்பு நூல் மாதிரி காய்ந்திருந்தால் அது செத்த பல். கப்பலில் வரும் பூண்டு முளைவிடாமல் இருக்கச் சில நாடுகளில் கதிர்வீச்சுக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட பல் சட்டியில் நன்றாகத்தான் இருக்கும், மண்ணில் ஒன்றும் ஆகாது.

இன்னொன்று: கடைப் பூண்டைத் திருப்பி அடியைப் பாருங்கள். சீனாவிலிருந்து வரும் பெரிய வெள்ளைப் பூண்டில் வேரை அழகுக்காக ஒட்ட வழித்திருப்பார்கள். வேர் கிளம்பும் அந்தத் தட்டே சீவுப்பட்டிருந்தால் பல் வேர் பிடிக்காது. என்னுடைய முதல் 60இல் பெரும்பங்கு இப்படித்தான் போனது.

இந்தக் கோளாறுகளுக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. விதைப் பூண்டை மாற்றினால் சரி.

## இலை மஞ்சளாகிறது

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். மருந்துக்கடையில் அதிகக் காசு வீணாவதும் இதற்குத்தான். முதலில் எந்த இலை என்று பாருங்கள்.

### அடியில் ஒன்றிரண்டு இலை மட்டும்

நட்டு மூன்று மாதம் தாண்டியிருந்தால் அது வயசு, விடுங்கள். அதற்கு முன் என்றால் கீழே படியுங்கள்.

### செடி முழுக்க வெளிறி, அடி இலையிலிருந்து மேலே ஏறுகிறது

ஒரு செடியைத் தூக்கி அலசுங்கள்.

வேர் வெள்ளையாக, அடர்த்தியாக இருந்தால் பசிதான். எங்கள் பக்கத்து மழை தழைச்சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். மட்கிய சாணமோ கூட்டெருவோ ஒரு விரல்கடை கனத்துக்குப் போட்டு, மண்ணைக் கொஞ்சம் கிளறிவிடுங்கள். யூரியா போடுவதென்றால் ஒரு சதுர மீற்றருக்கு 10 கிராமுக்கு மேல் வேண்டாம். இலையில் விழாமல், வரிசைக்கு நடுவில் ஈர மண்ணில் போடுங்கள். புது இலை பச்சையாக வர பத்து நாள் ஆகும். பழைய மஞ்சள் இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துவிட்டு மறுபடி யூரியா போடாதீர்கள்.

வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்று வந்தால் தண்ணீர் நிற்கிறது. மேலே சொன்ன குழிச் சோதனையைச் செய்யுங்கள். உரம் போட்டால் நிலைமை மோசமாகும்.

வேர் வெள்ளைதான், ஆனால் குட்டையாக, தடித்து, பத்துப் பதினைந்து மட்டும் இருக்கிறதென்றால் மண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை கூடியது. மலைநாட்டில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நம் வீட்டுத்தோட்டங்களில் பல ஒரு காலத்தில் தேயிலை நின்ற நிலம். தேயிலைக்கு மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் பிடிக்கும், பூண்டுக்கு 6 முதல் 7 வரை வேண்டும். தேயிலைக்கு நல்ல மண் என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் பூண்டு ஏங்கிப் போய்த்தான் நிற்கும்.

காசில்லாத சோதனை ஒன்று உண்டு. உங்கள் வீட்டு வாசலிலோ பக்கத்துப் பங்களாவிலோ ஹைட்ரேஞ்சியா இருக்கிறதா என்று பாருங்கள். அதே மண்ணில் பூ நல்ல நீலமாக இருந்தால் மண் புளிப்பு, இளஞ்சிவப்பாக இருந்தால் புளிப்புக் குறைவு. வெள்ளைப் பூ இனம் எதையும் சொல்லாது. கீழ் லயத்தில் ஓர் அக்கா, மூன்று போகம் பூண்டு சரிவரவில்லை என்று சொல்லிக்கொண்டே எனக்குத் தேநீர் ஊற்றினார். ஜன்னலுக்கு வெளியே ஹைட்ரேஞ்சியா, பள்ளிக்கூட மை மாதிரி நீலம். அங்கேயே விடை தெரிந்துவிட்டது.

சரிசெய்ய டொலமைட், அதாவது புளிப்பைக் குறைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக்கல் பொடி. சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில் தூவி, முள்ளால் ஒரு சாண் ஆழம் வரை கலந்துவிடுங்கள். நடுவதற்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு முன்பே செய்ய வேண்டும். செடி நிற்கும்போது போட்டால் இந்தப் போகத்துக்குப் பெரிதாக உதவாது, அடுத்த போகத்துக்குத்தான். டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போடாதீர்கள். தழைச்சத்து அமோனியாவாகிக் காற்றில் போய்விடும். அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும். வாரத்துக்கு ஒரு கைப்பிடி என்று தூவலாம், வாளி வாளியாகக் கொட்டக் கூடாது.

இரண்டு போகம் டொலமைட் போட்டும் வேர் குட்டையாகவே இருந்தால் மேற்கொண்டு ஊகிக்க வேண்டாம். மண் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

### ஒரே வாரத்தில், ஒரு ஓரத்தில் மட்டும்

தோட்டத்துப் பாதை ஓரம், தேயிலை மலை ஓரம் என்று ஒரு பக்கத்துச் செடிகள் மட்டும் திடீரென்று வெளிறினால், அந்த வாரம் அங்கே களைநாசினி அடித்தார்களா என்று விசாரியுங்கள். காற்றில் மிதந்து வரும் சாரல் போதும். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: களைநாசினி அடித்த டாங்கியையே கழுவி, அதில் வேப்பெண்ணெய் கலந்து பூண்டுக்கு அடிப்பது. எத்தனை தரம் கழுவினாலும் குழாயில் மிச்சம் இருக்கும். காய்கறிக்குத் தனி டாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சின்னக் கைத்தெளிப்பான் போதும். பட்ட செடி தேறுமா என்பது மூன்று வாரத்தில் வரும் நடுக்குருத்தில் தெரியும். அதுவும் முறுக்கிக்கொண்டு வந்தால் பிடுங்கிவிடுங்கள், சாப்பிட வேண்டாம்.

## இலையில் வெள்ளிக் கோடுகள், நுனி முறுக்கிக்கொள்கிறது

வெயில் காயும் மாதங்களில் வருவது. இலைப்பேன், மருந்துக்கடையில் திரிப்ஸ் என்பார்கள். வெள்ளைக் கடதாசியைச் செடிக்கு அடியில் பிடித்து இலையை நாலு தட்டுத் தட்டுங்கள். கமா அளவில் வெளிர்மஞ்சள் பூச்சிகள் ஓடினால் அதுதான். இலை தண்டோடு சேரும் இடுக்கை விரித்துப் பாருங்கள், அங்கேதான் குடித்தனம்.

ஓரிரண்டு இருந்தால் பீலித் தண்ணீரை (குழாய்த் தண்ணீரை) வாளியில் கொண்டுவந்து குவளையால் இடுக்கில் வீசி அடியுங்கள். காலையில், மூன்று நாள் தொடர்ந்து. நல்ல மழை ஒன்று பெய்தாலும் குறைந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, சாயங்காலத்தில் இடுக்கு நனையும்படி. வாரம் ஒரு தரம், மூன்று வாரம். கடை மருந்து அதற்கும் பிறகுதான். ஒரு பிடி பூண்டுக்காக அதை வாங்குவது எனக்குக் கட்டுபடியாகத் தெரியவில்லை.

பக்கத்தில் வெங்காயமோ லீக்ஸோ நின்றால் அங்கேயும் தட்டிப் பாருங்கள். பூச்சி பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

## இலையில் புள்ளிகள்

இரண்டு வகை. சின்ன ஆரஞ்சுக் கொப்புளம், விரலில் தேய்த்தால் துருப்பொடி ஒட்டுகிறது என்றால் துருநோய். வெள்ளைப் புள்ளியாகத் தொடங்கி, நீளவாக்கில் பெரிதாகி, நடுவில் ஊதா நிறம் ஏறினால் ஊதாப் புள்ளி. இரண்டுக்கும் காரணம் பூஞ்சணம், இரண்டுக்கும் தேவை நனைந்த இலை. மூடுபனி இறங்கும் ஊரில் இலை காயவே காலை பத்து மணியாகிறது. அதோடு சாயங்காலமும் நாம் தண்ணீர் ஊற்றினால் நோய்க்குச் சோறு போட்ட மாதிரி.

தண்ணீரைக் காலையில், வேருக்கு மட்டும் விடுங்கள். பட்ட இலையைக் கிள்ளி எரியுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றர், வரிசைக்கு வரிசை 15 முதல் 20 என்று காற்றோட்டம் விட்டு நட்டால் பாதிப்பு குறையும். அறுவடைக்கு ஒரு மாதம்கூட இல்லையென்றால் ஒன்றும் செய்யாதீர்கள், பூண்டு தப்பிவிடும். செடி இளசாக இருக்கும்போதே பாதி இலைக்கு மேல் பரவினால் மட்டும் பங்கசுநாசினி பற்றி யோசிக்கலாம், அதுவும் விவசாயப் போதனாசிரியரிடம் (அரசின் விவசாய ஆலோசகரிடம்) கேட்டுவிட்டு. லேபிளில் சொன்ன அளவு, அடித்த பிறகு அறுவடைக்கு விட வேண்டிய நாட்கள், இரண்டையும் மீறக் கூடாது.

## செடி தானாகச் சாய்கிறது, இழுத்தால் கையோடு வருகிறது

வேர்த்தட்டைப் பாருங்கள்.

தட்டு பழுப்பாகி மேல்நோக்கி அழுகல் ஏறுகிறது, பூஞ்சணம் வெளியே தெரியவில்லை அல்லது லேசான இளஞ்சிவப்பு என்றால் அடியழுகல். பட்ட செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தூக்கி வெளியே போட்டுவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள். மற்றவை பிழைக்கலாம். அந்தப் பாத்தியில் மூன்று நாலு வருடம் பூண்டு, வெங்காயம், லீக்ஸ் மூன்றும் வேண்டாம். போஞ்சியோ (பீன்ஸ்) கோவாவோ (முட்டைக்கோஸ்) போடுங்கள்.

வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம், அதற்குள் கசகசா அளவில் கறுப்பு மணிகளோ கடுகு அளவில் பழுப்பு மணிகளோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மண்வெட்டியை வேறு பாத்திக்குக் கொண்டுபோக வேண்டாம், செருப்பைக் கழுவுங்கள். அந்த மணிகள்தான் நோயின் விதை, மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. நான் உடனே விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடச் சொல்லும் அறிகுறி இது ஒன்றுதான்.

## இலை செழிப்பு, அடியில் பூண்டு இல்லை

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன், இரண்டு வருடம் என்னைத் திண்டாட வைத்தது இதுதான்.

முதலில் உண்மையிலேயே கோளாறுதானா என்று பார்க்க வேண்டும். நட்டு நாலு மாதம் ஆகட்டும். மண்ணை விலக்கிப் பாருங்கள். அடியின் பருமன் கழுத்தின் பருமனைப் போல இரண்டு மடங்கு இருந்தால் பூண்டு கட்டத் தொடங்கிவிட்டது, பொறுத்திருங்கள். கழுத்தும் அடியும் ஒரே பருமன் என்றால் ஒரு செடியைத் தூக்கி அடியைக் குறுக்கே வெட்டுங்கள்.

வெட்டிய முகத்தில் வெங்காயம் மாதிரி வளையம் மட்டும் தெரிகிறதா, பல் பிரிந்த கோடு எங்குமே இல்லையா? அப்படியென்றால் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள், செலவில்லாததிலிருந்து.

வெயில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வேண்டும். சவுக்கு மர நிழல், லயத்துக் கூரை நிழல் என்று நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருந்தால் பூண்டு கட்டாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மணிக்கு ஒரு தரம் பாத்தியைப் பாருங்கள்.

உரம். மூன்று மாதத்துக்குப் பிறகும் யூரியா போட்டீர்களா? நிறுத்துங்கள். சாப்பிடக் கிடைக்கும்வரை செடி இலைதான் விடும்.

குளிர். இங்கேதான் விஷயம். பூண்டு பல் பல்லாகப் பிரிய, பல்லோ இளஞ்செடியோ சில வாரம் நல்ல குளிரில் இருந்திருக்க வேண்டும், சுமார் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இரவில் அந்தக் குளிர் பல நாள் கிடைக்கும், சில ஜனவரி விடிகாலையில் புல்லில் வெள்ளையாக உறைபனியே விழும். தலவாக்கலை, ஹட்டன், பண்டாரவளை அளவுக்கு இறங்கிவிட்டால் நமக்குக் குளிர், பூண்டுக்கு அது போதாது. போர்த்திக்கொண்டு படுக்கிறோமே, பூண்டுக்கு இது காணாதா என்று நானும் நினைத்தேன். காணாது.

வழி ஃபிரிட்ஜ். முழுப் பூண்டாகவே, பிரிக்காமல், கடதாசிப் பையில் போட்டுக் கீழ்த் தட்டில் வையுங்கள், 5 முதல் 7 பாகை. ஆறு முதல் எட்டு வாரம். ஃப்ரீசரில் வேண்டாம், பொலித்தீன் பையில் வேண்டாம், வியர்த்துப் பூசணம் பிடிக்கும். வாரம் ஒரு தரம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்த அன்றே பிரித்து, வெளிச்சுற்றில் இருக்கும் பெரிய பற்களை மட்டும் நடுங்கள். எடுத்துவிட்டு இரண்டு வாரம் அடுக்களைச் சூட்டில் வைத்தால் வாங்கிய குளிர் வீணாகிவிடும். வீட்டில் தயிருக்குப் பூண்டு வாசம் வருகிறது என்று பேச்சு விழும். எனக்கும் விழுந்தது, மூடி உள்ள டின்னில் கடதாசிப் பையை வைத்து, மூடியில் நாலு ஓட்டை போட்டுச் சமாளித்தேன். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் இருக்கிறவர் வீட்டில் கேட்டு ஒரு மூலை வாங்கிக்கொள்ளலாம். அறுவடையில் நாலு பூண்டு கொடுத்தால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

விதை இனம். குளிரும் கொடுத்தாயிற்று, வெயிலும் உண்டு, இருந்தும் கட்டவில்லையா? இனம் ஒத்துவரவில்லை. நம் ஊரில் பகல் நீளம் வருடம் முழுக்க 11¾ மணி நேரத்துக்கும் 12½ மணி நேரத்துக்கும் நடுவில்தான். நீண்ட கோடைப் பகலுக்குப் பழகிய குளிர்நாட்டு இனம் இங்கே அந்தப் பகலுக்காகக் காத்திருந்து காத்திருந்து காய்ந்து போகும். கடைப் பூண்டில் எது எந்த இனம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வெலிமடைப் பக்கமோ நுவரெலியாப் பக்கமோ தன் தோட்டத்தில் வருடா வருடம் எடுத்து நடுகிற ஒருவரிடம் விதை வாங்குங்கள். பல் சின்னதாக, தோல் கொஞ்சம் ஊதா ஓடி, பார்க்க அழகில்லாமல் இருக்கலாம். விலையும் கடைப் பூண்டைவிடக் கூடும். ஆனால் அடுத்த வருடம் விதைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

### ஒற்றைப் பல்லாக வந்தால்

வெட்டிப் பார்த்தால் பிரியாமல் ஒரே உருண்டை. குளிர் அரைகுறை, அல்லது நட்ட பல் மிகச் சின்னது, அல்லது நட்டது பிந்திவிட்டது. தூக்கிப் போடாதீர்கள். சமையலுக்கு உரிக்க வசதி, கடையில் இதற்கென்றே ஆள் தேடி வருவார்கள். நல்ல பெரிய உருண்டைகளைக் குளிர் கொடுத்து அடுத்த போகத்தில் நட்டால் பல் பிரிந்த முழுப் பூண்டு வரும். என்னுடைய முதல் உருப்படியான அறுவடை இப்படி வந்த உருண்டைகளிலிருந்துதான்.

## ஒரு செடியிலிருந்து புதர் மாதிரிப் பல தாள்

பிரிந்த பல் ஒவ்வொன்றும் மண்ணுக்குள்ளேயே திரும்ப முளைக்கிறது. மேலே சொன்னதற்கு நேர் எதிர். குளிர் கூடிவிட்டது, அல்லது தழைச்சத்து கூடிவிட்டது, அல்லது மிக அகலமாக நட்டுவிட்டீர்கள். எட்டு வாரம் என்று சொன்னால் பன்னிரண்டு வாரம் வைப்பவர்கள் இருக்கிறார்கள், கூட வைத்தால் கூடக் கட்டும் என்று. இந்தப் போகத்துக்கு உரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. தாளைக் கிள்ளிச் சம்பலுக்கும் ரொட்டிக்கும் போடுங்கள். பூண்டு கோணல்மாணலாக வரும், ருசியில் குறை இருக்காது, நாள் தாங்காது.

நடுவில் ஒரு கெட்டித் தண்டு மட்டும் நீண்டு வந்தால் அது பூந்தண்டு. நோயில்லை. கிள்ளிக் கறிக்குப் போடுங்கள்.

## அறுவடையில் வெடித்திருக்கிறது, அல்லது பரணில் அழுகுகிறது

வெடித்திருந்தால் பிந்திவிட்டீர்கள். அடி இலைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை காய்ந்ததும் தூக்க வேண்டும், எல்லா இலையும் காயட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு பச்சை இலையும் பூண்டுக்கு ஒரு சட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். தூக்குவதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள்.

மழையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அடுத்த முறை நாளை எண்ணி நடுங்கள். பூண்டுக்கு நாலரை முதல் ஐந்து மாதம். அறுவடை எந்த மாதத்துக் காய்ச்சலில் (மழையில்லாத காலத்தில்) விழ வேண்டும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தென்மேற்கு மழை வாங்கும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பெப்ரவரி, மார்ச் தொடக்கம் காய்ந்திருக்கும், அதனால் நான் அக்டோபர் தொடக்கத்துக்குள் நட்டுவிடுகிறேன். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ச்சல் ஜூன் முதல் செப்டம்பர் வரை, கணக்கு வேறு. தலவாக்கலைக்காரர் சொன்ன நாளைப் பண்டாரவளையில் பின்பற்றினால் மழைதான் அறுவடை செய்யும்.

பரணில் அழுகினால் காயவைத்தது போதவில்லை. தூக்கியதும் கழுவாதீர்கள், மண்ணைக் கையால் உதிருங்கள். தாளோடு பத்துப் பத்தாகக் கட்டி, வெயில் படாமல், காற்று வரும் இடத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) எரிக்கும் அடுப்புக்கு மேலே, புகை படும் உயரத்தில், ஆனால் சூடு தெரியாத அளவு தள்ளி. கழுத்தை விரலால் நசுக்கினால் ஈரம் தெரியக் கூடாது, தோல் கடதாசி மாதிரிச் சலசலக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தாளை வெட்டலாம். விதைக்கு வைப்பதை அப்போதே பெரியதாகப் பார்த்துத் தனியே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் பெரியதெல்லாம் ரசத்துக்குப் போய், சின்னது மண்ணுக்கு வரும்.

## எப்போது, யாரைக் கேட்பது

மணியோடு கூடிய வெள்ளைப் பூஞ்சணம், இரண்டு போகம் டொலமைட் போட்டும் திருந்தாத வேர், இளசிலேயே பாதி இலைக்கு மேல் பரவும் புள்ளி. இந்த மூன்றுக்கும் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பாருங்கள். நேரில் போக முடியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். சீதா எலியவிலும் பண்டாரவளையிலும் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன, தேவைப்பட்டால் மாதிரியை அங்கே அனுப்புவது எப்படி என்று போதனாசிரியரிடமே கேளுங்கள்.

போகும்போது இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். பட்ட செடி இரண்டு, நல்ல செடி ஒன்று, வேரோடும் மண்ணோடும், ஈரக் கடதாசியில் சுற்றி, தனித்தனிப் பையில். நட்ட தேதி, போட்ட உரம், அடித்த மருந்து மூன்றையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் அவர் தோட்டங்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.